உட்பக்கம்

டெப்டூனிஸில் தங்கத்துக்குத்தான் பஞ்சம்,
எழுதிய தாளுக்கு இல்லை.
கணக்கர் அலுவலகம் ஆண்டுக்கொருமுறை
பழைய பாப்பிரஸைக் கூடைக் கணக்கில் விற்கும்.
வரிச்சீட்டு, குத்தகை, ஓடிப்போன கைதிகளின் பட்டியல்,
எவனோ எவளுக்கோ எழுதி
அனுப்பாமல் விட்ட கடிதம்.
எல்லாம் எங்கள் தொட்டியில் ஊறும்.

களிமண் தலைமேல் ஈரத்தாளை ஒட்டுவேன்.
ஒரு சுற்று, பசை. இன்னொரு சுற்று, பசை.
மூக்குக்கு மட்டும் முறுக்கிய துணி.
காய்ந்தபின் பின்புறம் கீறி
களிமண்ணை உடைத்து உதிர்த்தால்
கையில் நிற்கும் வெற்று முகம்,
ஒரு தவளையின் எடைகூட இராது.
பிறகு சுண்ணம். பிறகு பமெனோஸ் வந்து
கண் எழுதுவான், கூந்தலுக்கு நீலம் தீட்டுவான்.
காசுள்ளவர்களுக்குக் கன்னத்தில் தங்கம்:
மூச்சு பட்டால் பறக்கும் தகடு,
அன்றைக்கு மட்டும் பட்டறையில் பேச்சில்லை.

இந்த முகம் அகூசிலாவோசுக்கு.
தானிய வரி வசூலித்தவன்,
இப்போது உப்பில் கிடக்கிறான்.
மகன் வந்து சொன்னான்:
"அப்பா லேசாகச் சிரித்தபடி இருக்கட்டும்."
எல்லா முகத்துக்கும் ஒரே சிரிப்புத்தான். சரி என்றேன்.

உதட்டுக்கென்று எடுத்த முதல் துண்டில்
கிரேக்க எழுத்து. எழுத்துக் கூட்டி வாசிப்பேன்.
"தார்மியூசிஸ், விதவை, எழுதுவித்தது.
பயறு இரண்டு மரக்கால்,
பெட்டைக் கழுதை ஒன்று,
சாம்பல் நிறம், இடக்காது பிளந்தது,
பிடுங்கிப் போனவன் அகூசிலா"
மீதி கிழிந்திருந்தது.
ஓரத்தில் வேறொரு கை: "விசாரிக்கவும்."
தேதி, பதினோரு வருடம் முந்தியது.

கரி மை. நனைந்தாலும் போகாது.
எழுத்தை வெளியே திருப்பினால் சுண்ணம் மூடிவிடும்.
உள்ளே திருப்பினால்
அவன் வாய்க்கும் அதற்கும் நடுவே
கட்டுத்துணி மட்டும்.
பசை காய்வதற்குள் முடிவெடுக்க வேண்டும்.

அங்கே தராசு வைப்பார்களாம்,
ஒரு தட்டில் இதயம், மறு தட்டில் இறகு.
எனக்கெதிராகச் சாட்சி சொல்லாதே என்று
இதயத்தைக் கெஞ்ச மந்திரம் உண்டு,
கல்லில் வெட்டி நெஞ்சில் வைப்பார்கள்.
உதட்டைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை.

உள்ளே திருப்பினேன்.
கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தினேன்.

அடக்கத்துக்கு நானும் போனேன்,
கூலி பாக்கி இருந்தது.
தங்கக் கன்னம் வெயிலில் எரிந்தது.
அமர்த்திய பெண்கள் நன்றாகவே அழுதார்கள்.
மணலில் பெட்டியை இழுத்துப் போனது
கிழட்டுச் சாம்பல் கழுதை ஒன்று.
ஈயை விரட்ட அது தலையை உதறியபோது
இடக்காது
இரண்டாக ஆடியது.