செல்லக்கிளியின் அளவு

மைதீன் பிச்சை அண்ணாச்சி
மூன்றாவது பார்சலையும் கொண்டுவந்து
என் மெஷின் மேல் போட்டார்.
"இதுலயும் பெரிய சைஸுன்னுதான் போட்டிருக்கான்.
நீ கார் சீட்டுக்குத் தைக்கவதான?
இவளுக்கும் ஒண்ணு தைச்சுப் பாரு."

வெளியே, பாளை மார்க்கெட் ரோட்டில்
ஒரு மினி பஸ்ஸை நிறுத்திவைத்துவிட்டு
நின்றிருந்தாள் செல்லக்கிளி.
பெயர் வைத்தவன் கண்ணில் என்ன கோளாறோ.
மார்பு மட்டும் எங்கள் கடை ஷட்டரில் பாதி.
சரக்கு லாரி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி
பார்த்துப் பார்த்துத் திரும்பினாள்.

எங்கேயோ மூடிப்போன பண்ணையில் ஏலம் எடுத்ததாம்.
மேலப்பாளையத்தில் ஊர்வலம் போகிற மாப்பிள்ளைகள்
இவள் மேல் ஏறினால்
பள்ளிக்கூடத்துப் பையன்களாகிவிடுகிறார்கள்.
இருந்தாலும் வாடகை வருகிறது.
ஐப்பசி பிறந்துவிட்டது. கொட்டகை ஒழுகுகிறது.
வாய்க்கால் ஈ வேறு.

கடையில் கிடைக்கிற போர்வையெல்லாம்
ஒட்டிய வயிற்று வடக்கத்திக் குதிரைக்கு வெட்டியது.
நீளம் சரியாக இருந்தால் மார்புக் கொக்கி சேராது.
கொக்கி சேர்வதை வாங்கினால்
பின்னால் பாவாடை மாதிரி தரையில் இழுபடும்.
இரண்டே வாரத்தில் தோளில் முடி உதிர்ந்து
உள்ளங்கை அகலத்துக்கு ரோஸ் நிறம்.

எனக்கு அந்த இடம் தெரியும்.
ரெடிமேட் சுடிதார் என்னைக் கடிக்கிற
அதே இடம்.
வண்ணாரப்பேட்டைக் கடையில் அந்தப் பெண்
நிமிர்ந்து பார்க்காமலே சொல்வாள்,
"அக்கா, இது ஃப்ரீ சைஸ்."
நீளத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள்.
அகலம் என்று ஒன்று இருப்பதை
யாரும் அளந்ததாகத் தெரியவில்லை.

டேப்பை எடுத்தேன்.
நெஞ்சின் நடுவில் பிடித்து வால் பக்கம் நடந்தால்
அறுபதில் டேப் தீர்ந்துபோனது.
விலாவில் சாக்பீஸால் கோடு போட்டு
மறுபடி தொடங்கினேன். இருபத்தாறு.
தோல் ஒருமுறை சிலிர்த்து
கோட்டை உதறப் பார்த்தது.

லாரிக்குப் போடுகிற கித்தான்.
தோளுக்கு உள்ளே, கல்யாண ஜாக்கெட்டில் மிஞ்சிய சாட்டின்.
இரண்டு பக்கமும் ஒரு சாண் கோணத் துண்டு.
வயிற்றுக்குக் குறுக்கே
ஏதோ ஒரு ஸ்கார்பியோவின் பழைய சீட் பெல்ட்.
ஊசி நாலு ஒடிந்தது.

போட்டுப் பார்த்தோம். அச்சாகப் பொருந்தியது.
அண்ணாச்சி போனில் படம் எடுத்தார்.
அப்புறம் அவள் புல்லுக்குக் குனிந்தாள்.
பிடரி முடிகிற இடத்தில் கித்தான் இறுகி
கழுத்தைப் பின்னால் இழுத்தது.
தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.
ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நிமிர்ந்து நின்றபோது எடுத்த அளவு அது.
டெய்லர் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு
நானும் அப்படித்தான் நிற்பேன்.

முன்பக்கம் முழுக்கப் பிரித்தேன்.
மறுநாள் கொட்டகைக்கே போய்
ஒரு காலை முன்னால் வைத்து
அவள் வாளிக்குள் மூக்கை விட்டிருந்தபோது
அளந்தேன்.
ஐந்து அங்குலம் வித்தியாசம்.
ஐந்து அங்குலத்தை மூச்சுக்குள் ஒளித்து
எத்தனை வருஷம் துணி போட்டிருக்கிறேன்.

கார்த்திகையில் ஒரு ராத்திரி
மெஷின் சத்தத்தை மூழ்கடித்துவிட்டுப் பெய்தது.
விடிந்ததும் போன்.
"படுத்து உருண்டிருக்கா. முதுகு பூரா சேறு.
போர்வை அங்கன இங்கன அசையல பிள்ள."
உள்ளே கை விட்டுப் பார்த்தாராம்,
இறக்கிவைத்த சோற்றுப்பானை மாதிரிக் கதகதப்பு.

என் பில் புத்தகத்தில் அச்சடித்த கட்டங்கள்:
வண்டி எண். மாடல். நிறம்.
எண்ணுக்கு ஒரு கோடு.
மாடலில் செல்லக்கிளி.
நிறம், தேரிக்காட்டு மண்.
கீழே இடமில்லாத இடத்தில்
பொடி எழுத்தில் எனக்காக ஒரு வரி:
குனிந்திருக்கும்போது அளக்கவும்.

அறுநூறு ரூபாய் இன்னும் பாக்கி.