மூன்றாம் பாடவேளை

நேரசூசி போடுவது என் வேலை.
பன்னிரண்டு வருசமாய்
பென்சிலும் அழிறப்பருமாய்.
கணக்கு ரீச்சர்தானே, நீங்களே செய்யுங்கோ என்று
அதிபர் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

செவ்வாய், வியாழன், மூன்றாம் பாடவேளை சமயம்.
மணி அடித்ததும் தரம் பத்து
பாண் துண்டுபோல் வெட்டுப்படும்.
சைவம் எழும்பாது, வகுப்பிலேயே இருக்கும்.
கத்தோலிக்கம் கதிரையைத் தூக்கிக்கொண்டு
சைக்கிள் கொட்டகைக்குப் போகும்.
மற்றக் கிறிஸ்தவம் நாலு பேர்
விஞ்ஞானகூடத்தில், எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில்.
இஸ்லாம் ஒருத்தி.

நஸ்லிஹா.
ஐந்து சந்திக்கு அங்கால வீடு.
தகப்பன் பத்து வயதில்
இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டு
முப்பதில் திரும்பி வந்து
கூரை இல்லாத சுவருக்குக் கூரை போட்டவர்.

வலயத்துக்கு எழுதினேன். ஆசிரியர் ஒருவர் தேவை.
குறைந்தது பதினைந்து பிள்ளைகள் வேணுமாம்.
ஒரு பிள்ளைதான் இருக்கு என்றேன்.
"அப்ப ஒண்டுதானே ரீச்சர்"
என்றது தொலைபேசி.

அவள் நூலகத்தில் தனியே வாசித்தாள்.
எனக்கு அந்த நேரம் ஓய்வு.
ஒரு செவ்வாய், திருத்தக் கிடந்த கொப்பிகளோடு
எதிரில் போய் இருந்தேன்.
ஸகாத், நாற்பதில் ஒரு பங்கு என்று வாசித்தாள்.
இரண்டரை வீதம், என்றேன்
என்னை அறியாமலே.
சிரித்தாள்.
பிறகு என் உச்சரிப்பைத் திருத்தினாள்.

தேர்தல் வந்தது.
முதலாமவர் மூன்று குறி பூசி
காலைக் கூட்டத்தில் நின்றார்.
வாசலில் ஒரு சிலை, தன் செலவில்.
"எங்கட பள்ளிக்கூடம், எங்கட அடையாளம்."
இரண்டாமவர் வரவில்லை, பாதரின் கடிதம் வந்தது:
சிலை என்றால் கெபியும் வேணும்.
மூன்றாமவர் கொழும்புக் கட்சி;
வெசாக் கூடு கட்ட இருபது பிள்ளைகள் கேட்டார்,
முகாமில் ஐஸ்கிறீம் குடுப்பினமாம்.
மூன்று பேரும் என்னிடம் கேட்டது ஒன்று:
"எங்கட ஆக்கள் எத்தினை பேர்?"
நேரசூசி என் கையில்தானே.

சிலைக்கு அத்திவாரம் கிண்டியபோது
மதிற்சுவரின் பூச்சு உதிர்ந்தது.
உள்ளே ஒரு கல். சிலுவை.
தேவகிருபையால் கட்டப்பட்டதென்று
பழைய எழுத்து, புள்ளி இல்லாமல்.
கிருபை எழுதியிருந்தது.
எந்தப் பிள்ளைகளை நிலத்தில் இருத்தினார்கள் என்று
எழுதியிருக்கவில்லை.
பிறகு அரசாங்கம் எடுத்தது, நாங்கள் பூசினோம்.
வாங்கு எல்லாருக்கும் கிடைக்க
அதற்குப் பிறகும் கனகாலம் எடுத்தது.

மேசன் தேவராசா கரண்டியோடு நின்றான்.
"மேல பூசவோ, கிண்டி எடுக்கவோ?"
அதிபர் யோசித்தார்.
"எலக்சன் முடியட்டும்."

நானும் தேவாரத்துக்குக் கண்ணை மூடுகிறவள்தான்.
அந்த நேரத்தில் நஸ்லிஹா
தன் கையை எங்கே வைத்திருக்கிறாள் என்று
நான் பார்த்ததில்லை.
இந்த வருசம் பார்த்தேன்.
பாவாடைத் தையலை
விரலால் எண்ணிக்கொண்டு நின்றாள்.

வாக்களிப்பு எங்கள் மண்டபத்தில்தான்.
சரஸ்வதி படத்தை
பழைய பேப்பரால் மூடியிருந்தார்கள்.
விதியாம்.
பேப்பரில் முதலாமவரின் படம், கைகூப்பியபடி.
நூலக மேசையில் காட்போட் மறைப்பு.
குனிந்தபோது மரத்தில் பென்சில் எழுத்து:
1/40.
அதன் மேல் கடதாசியை வைத்து
புள்ளடி போட்டேன்.
யாருக்கென்று சொல்லமாட்டேன், எனக்கும் திருப்தியில்லை.

புது நேரசூசியில் அந்தக் கட்டத்துக்குள்
என் பெயரை எழுதி அனுப்பினேன்.
சிவப்பு மையில் திரும்பி வந்தது:
தகைமை இல்லை.
உண்மைதான்.
அழித்துவிட்டு,
கொஞ்சம் மெல்லிசாகத் திரும்ப எழுதினேன்.

இன்று வியாழன்.
சொத்துப் பங்கீடு.
அரை, கால், அரைக்கால், எனக்குப் பிடித்த பின்னங்கள்.
மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று
என்ற வரியில் நிறுத்தினேன்.
ஏன் என்று கேட்டேன்.
கொஞ்சம் யோசித்தாள்.
"உங்கட வீடு உங்கட பேரில்தானே ரீச்சர்?"
"ஓம். சீதனம்."
"விக்கிறதெண்டா
சேரும் கையெழுத்து வைக்க வேணுமாமே,
ஏன்?"

மணி அடித்தது.
சைக்கிள் கொட்டகையில் இருந்து
கதிரைகள் திரும்பி வரும் சத்தம்.
நாங்கள் எழும்பவில்லை.