முப்பது நொடி

லோகேஸ் பாய்லரை விட்டு வீடு வரக்
காலை எட்டேகால்.
குளித்தும் போகாத செம்பனை வாடை,
ரொட்டி சானாயில் பாதி,
பிறகு அறை.

அறையை நான்தான் இருட்டாக்கினேன்,
அவன் தூக்கத்துக்காக.
ஜன்னல் முழுக்க மைலோ அட்டைப்பெட்டி,
அதன்மேல் கறுப்புத் துணி,
கதவடியில் சுருட்டிவைத்த பழைய கைலி.
பீடோர் சடக்கில் தார் இளகும் பதினோரு மணிக்கு
எங்கள் வீட்டில் மட்டும்
நடுச்சாமம் வாடகைக்கு இருக்கும்.

இரண்டு மணிக்கு நான் மருந்துக்கடைக் கல்லாவுக்கு.
பத்துக்குத் திரும்பினால்
அவன் மோட்டார் நின்ற இடத்தில்
எண்ணெய்ப் பொட்டு மட்டும்.

ஆகவே இந்த இருட்டைப்
பங்கு போட்டுக்கொண்டோம்.
அவனுக்குக் கட்டில்.
எனக்குத் துணி தேய்க்கும் பலகை.

கூட்டுப் பணம் விழுந்த மாதம்
ஈப்போவில் வாங்கிய பழைய கேமரா.
முக்காலிக்கு மிச்சமில்லை;
அரிசிப் பொட்டலத்தின் மேல் உட்காரவைத்தேன்.
அரிசி அசையாது.
சோறாகிக் குறைந்துகொண்டே வருவதால்
வாரா வாரம் என் படங்கள்
கொஞ்சம் கொஞ்சமாகத் தரையிறங்கும்.

போன வாரம் கித்தாக் கொட்டை,
அதற்கு முன் ஓர் உடைந்த நத்தை ஓடு.
இன்றைக்கு,
பள்ளிக்கூட வேலிக் கம்பியில்
ஏதோ ஒரு சில்வண்டு கழற்றிவிட்டுப் போன சட்டை.
கட்டைவிரல் நீளம்கூட இல்லை.
கண் இருந்த இடத்தில் இரண்டு குமிழி.
முதுகில் ஒரே கீறல்,
அவசரத்தில் பொத்தான் போடாத மாதிரி.

டார்ச்லைட்டின் வாயை டேப் சுற்றி அடைத்துக்
கோப்பி ஓ பொட்டலத்தின் உறிஞ்சுகுழாயைச் சொருகினால்
வெளிச்சம்
பேனா முனைக்கு வந்துவிடும்.

அழுத்தினேன்.
கேமரா கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு
முப்பது நொடி
நான் சொல்வதையெல்லாம் நம்பும்.

நேருக்கு நேர் அடிக்கக் கூடாது.
அடித்தால் எல்லாம் தெரியும்,
ஒன்றும் இருக்காது.
பக்கவாட்டில், தாழ்வாக,
மேட்டைத் தொட்டுப் பள்ளத்தை விட்டு.
அப்புறம் பின்னாலிருந்து ஒரே கீற்று:
கூடு முழுக்கத் தேன் ஏறும்.
காலுக்கு இரண்டு நொடி, ஆறு கால்.
நகத்தில் இன்னும்
வேலியைப் பிடித்த பிடி.

கை நிற்கக் கூடாது.
நின்ற இடம் வெளுத்துப் போகும்.
பதினேழு, பதினெட்டு.
லோகேஸின் குறட்டை ஒரு மூச்சு தவறினால்
என் கணக்கும் தவறும்.

எந்தப் படத்திலும் நான் இல்லை.
கறுப்புச் சட்டையோடு சுற்றிச் சுற்றி வருகிறவளைக்
கேமரா கணக்கில் எடுப்பதில்லை.
அசையாததுதான் விழும்.

இருபத்திரண்டில்
தலையணைப் பக்கம் அவன் கைப்பேசி
சத்தமில்லாமல் எரிந்து அணைந்தது.
சூப்பர்வைசராக இருக்கும்.
நாளைக்கும் ஓவர்டைம்.

படம் கெட்டது என்றுதான் நினைத்தேன்.
திரையில் பெரிதாக்கினால்
கூட்டுக்குப் பின்னால், துணி முடியும் இடத்தில்
ஒரு முழங்கை.
மங்கல்தான்.
ஆனாலும் மணிக்கட்டுவரை
சுருங்கிச் சுருங்கி ஓடும் தோல்,
காய்ந்த ஓடைமாதிரி.

தீபாவளிக்கு முன் ஆவி அடித்தது.
"சின்னதுதான், ஆறிடுச்சி" என்று
ட்யூப்லைட்டுக்குக் கீழே நீட்டிக் காட்டினான்.
நேருக்கு நேர்.
நானும் பார்த்தேன்,
மருந்துக்கடைக்காரி,
ஒரு களிம்பு கொண்டுவந்து கொடுத்தேன்.

கூட்டை எடுத்துத் தீப்பெட்டியில் வைத்தேன்.
அரிசியை இரண்டு கையாலும் தூக்கிக்
கட்டில் பக்கம் திருப்பினேன்.
அழுத்தினேன்.
உறிஞ்சுகுழாய் முழங்கையிலிருந்து புறப்பட்டது,
தாழ்வாக, பக்கவாட்டில்,
ஒவ்வொரு சுருக்கமாக ஏறி இறங்கி.

பதினெட்டில் குறட்டை நின்றது.

"விடிஞ்சிருச்சா?"

வெளியே பாசார் முடிந்து
கடைகளுக்கு முன்னால் தண்ணீர் அடித்துக் கழுவும் நேரம்.

"இல்ல" என்றேன்.
"அசையாத.
இன்னும் பன்னெண்டு."