மூன்றாவதாக எழும்புவது

மூன்று மெய்நிகர் இயந்திரங்கள்.
பெயர் கேட்டது பெட்டி.
யோசிக்காமல் தட்டினேன்:
நயினை, அனலை, எழுவை.
மடியில் சூடாகும் லப்ரொப்தான் குறிகட்டுவான்.

எழுவைதான் எழவில்லை.

கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் ஓடும்.
வட்டைக் கண்டேன் என்னும்,
வலையட்டையைக் கண்டேன் என்னும்,
பிறகு ஒரு வரியின் நடுவில் விறைத்து
கேர்னல் பனிக்.
அதற்குமேல் அது பேசாது.
கேட்டாலும் பேசாது.

நாளைக் காலை ஒன்பதுக்குக் கொக்குவிலில்
இருபத்தாறு பிள்ளைகள்.
மூன்றும் ஒன்றோடொன்று கதைக்கும், பாருங்கோ
என்று போன கிழமையே வாய் விட்டிருந்தேன்.

எழுவையை அழித்தேன். திரும்ப நிறுவினேன்.
பழைய கேர்னல், புதுக் கேர்னல்,
ஒலியில்லாமல், வலையில்லாமல்,
பயோஸுக்குள் போய் மெய்நிகராக்கம் திறந்திருக்கிறதா என்று
மூன்று தரம் பார்த்தேன். திறந்துதான் இருந்தது.
நினைவகத்தைப் பாதியாக்கிக் கொடுத்தேன்.
இரண்டு தரம் எழுந்தது.
மூன்றாம் தரம் விழுந்தது.
விழுவதென்றால் ஒரேயடியாக விழவேண்டும்.
இடைக்கிடை எழும்புகிற பிழைதான்
ஆளைக் கொல்லும்.

இதை எனக்கு விற்ற றொமில்டாவுக்குப் போன் எடுத்தேன்.
குருநகர். யன்னலைத் திறந்தால் கடலேரி.
"எனக்கு அது ஒரு நாளும் நிண்டதில்லை.
கோயில் கணக்கு மட்டும்தானே அதில பாத்தனான்."
சத்தியம்தான்.
கோயில் கணக்கு எவ்வளவு இடம் பிடிக்கும்?

ஒரு மணிக்கு, வேறு வழி தெரியாமல்,
வரிசையை மாற்றினேன்.
எழுவையை முதலில் விட்டேன்.
எழுந்தது.
அனலை எழுந்தது.
ஒரு நாளும் சொல் தட்டாத நயினை
அதே இடத்தில், அதே சொல்லோடு விழுந்தது.

கொப்பியில் எழுதினேன்:
*பிழை தீவில் இல்லை.
மூன்றாவது யாரோ, அவர் விழுகிறார்.*
கீழே இரண்டு கோடு.
எழுவையிடம் மன்னிப்புக் கேட்கவில்லை,
ஆனால் கேட்கலாம் போல இருந்தது.

எட்டு ஜிபி. இரண்டு றாம் துண்டுகள்.
இரண்டாவது துண்டின் மேல்பக்கம்
இவ்வளவு காலமும் ஆள் போகாத அறை.
மூன்றாவது இயந்திரம்தான்
முதன்முதலாக அதன் கதவைத் தட்டியது.

பென்டிரைவிலிருந்து நினைவகச் சோதனை.
ஒன்று, இரண்டு, நாலு... ஆறு தாண்டியதும்
சிவப்பு. சிவப்பு. சிவப்பு.
இவ்வளவு சந்தோசமாக
ஒருநாளும் நான் சிவப்பைப் பார்த்ததில்லை.

நட்டைக் கழற்றி மூடியைத் திறந்தேன்.
பொன் பற்களில் பாசி மாதிரி ஒரு பச்சை.
உப்புக் காற்று. ஐந்து வருசக் குருநகர் காற்று
யன்னலால் வந்து இதற்குள் குடியிருந்திருக்கிறது.

ஐந்தரைக்கு வீட்டுக்காரரின் டிலக்சி
புலமைப்பரிசில் கணக்கோடு எழும்பியிருந்தாள்.
"அழிறப்பர் ஒருக்கா தாறியா?"
"பிழை விட்டிட்டீங்களோ அக்கா?"
"நானில்லையடி. கடல்."
நம்பவில்லை. ஆனால் தந்தாள்,
ஏழு மணிக்கு முதல் திரும்ப வேணும் என்று.

மெதுவாகத் தேய்த்தேன், ஒரே திசையில்.
துகள்களை ஊதினேன்.
பொன் வெளியே வந்தது.

சோதனையை ஒரு சுற்று ஓட்டத்தான் நேரம் இருந்தது.
சிவப்பு இல்லை.
ஒரு சுற்றை நம்பலாமா என்று
பிள்ளைகள் யாராவது கேட்டால் இல்லை என்பேன்,
நாலு வேண்டும் என்பேன்.

அழிறப்பரில் ஒரு பச்சைக் கோடு ஏறியிருந்தது.
டிலக்சி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
கொப்பியில் தேய்த்தாள்.
ஏழெட்டு ஐம்பத்தாறுக்கு மேலே
மெல்லிய பச்சை.
என்னை நிமிர்ந்து ஒரு முறை முறைத்தாள்.

சைக்கிள் கூடைக்குள் லப்ரொப்,
அதன்மேல் துவாய், அதன்மேல் சாப்பாட்டுப் பெட்டி.
பலாலி வீதியின் ஒவ்வொரு குழிக்கும்
நெஞ்சு ஒருமுறை நின்றது.
வகுப்பில் எழுவையைத்தான்
மூன்றாவதாக விடப்போகிறேன்.