அனுபவ பாத்தியம்

ஒரு பன்றிக்குப் பதினான்கு புள்ளி.
அறுபத்தொன்றிலிருந்து அறுபத்திரண்டாம் நிலைக்கு
ஒரு லட்சத்து எண்பதாயிரம்.
வகுத்துப் பார்க்கக் கூடாது என்று
முதல் வாரமே முடிவெடுத்திருந்தாள் டுப்ராஸ்கா.
வகுத்தாள்.
பன்னிரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு பன்றி,
மிச்சம் இரண்டு புள்ளிக்கு ஒரு முயல்.

மின்சாரம் நின்று பேசினால் நாலு நாள் வேலை.
மரகைபோவில் மின்சாரம்
கடன் வாங்கினவன் மாதிரி.
சொன்ன நேரத்துக்கு வராது,
வந்தாலும் உட்காராது.

திரையில் அவளுக்குச் சிவப்புத் தாடி,
இரட்டைக் கோடரி, கரடித் தோல்.
தாடிக்குச் சொந்தக்காரன் எஸ்பென்,
டென்மார்க்கில் எங்கோ கிரேன் ஓட்டுகிறான்.
அவனிடம் டாலர் இருக்கிறது, பொழுது இல்லை.
இருபதாம் நிலைக்குப் பிறகு
இந்தக் காட்டுக்கு அவன் வந்ததே இல்லை.

பாய்வதற்கு அரை நொடி முன்னால்
பன்றி தொண்டைக்குள் உறுமும்.
மூன்றாவது பைன் மரத்தடிப் பாறையில்
முதுகு கொடுத்து நின்றால்
ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் போதும்.
வெட்டிய பன்றி நாற்பது நொடியில்
அதே இடத்தில், அதே முகத்தோடு முளைக்கும்.
இதெல்லாம் தெரிந்தது அவளுக்கு.
புள்ளி ஏறியது எஸ்பென் கணக்கில்.

எங்கள் பக்கத்துப் பத்திர எழுத்தர்கள்
அனுபவ பாத்தியம் என்பார்கள்.
பன்னிரண்டு வருஷம் தடையில்லாமல் ஆண்டுவிட்டால்
நிலம் ஆண்டவனுக்கே.
அவளுக்குப் பதினோரு வாரம் ஆகிறது.
பட்டா யார் பேரில் என்று
பன்றி கேட்பதில்லை.

வெள்ளை அங்கி ஒருவன் ஒருநாள்
புதருக்குள்ளிருந்து வந்து நின்றான்.
விளையாட்டின் காவலாள்.
தானாக வெட்டும் எந்திரங்களைப் பிடிக்க அலைகிறவன்.
‘நீ மனிதனா?’
எண்ண முப்பது நொடி கொடுத்தான்.
தெரியாத பாஷையில் அவசரமாகத் தட்டினாள்:
‘ஆம், நான் மணிதன்.’
எந்திரம் அப்படித் தப்பு விடாது.
பிழையால் பிழைத்தாள்.
பெண் என்று சொல்லியிருக்கலாம்தான்,
தாடி இருந்தது.

தொண்ணூற்றேழு சதவீதத்தில் விசிறி இளைத்தது.
அரை நொடி.
பன்றி உறுமுகிற அதே அரை நொடி.
அதற்குள் தாடிக்காரனை ஓடவைக்க முடியாது.
அறை இருண்டது.
இருட்டுக்கு அந்தப் பக்கம், காட்டில்,
அவன் தனியாக நின்றுகொண்டிருப்பான்,
பன்றிகள் கூடிக்கொண்டிருக்கும்.
செத்தால் பத்து சதவீதம் போகும்:
இன்னும் ஆயிரத்து இருநூற்று எண்பத்தாறு பன்றி.
‘பழி வாங்கிட்டாங்க’ என்றான் தம்பி வில்மர்
வாழைக்காய் வறுவலை மென்றபடி.

ஏரியின் தெற்கே மின்னல் வெட்டியது,
சத்தமில்லாமல், விடாமல்.
அந்த வெளிச்சத்தில் வாணலி தெரிந்தது.
வில்மரின் காது தெரிந்தது.
ஐந்தாம் மாடிக்கு இருவரும் தூக்கிவந்த
எட்டுக் குடம் தண்ணீர் தெரிந்தது.
குடத்துக்கு எத்தனை புள்ளி என்று
அவள் யோசிக்கவில்லை.
வீங்கிய மணிக்கட்டை
ஒரு குடத்துக்குள் விட்டு வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை அறுபத்திரண்டு வந்தது.
பொன் தூண் எழுந்தது, எக்காளம் ஊதியது.
தாடிக்காரனின் பலம் மூன்று கூடியது.
கணக்கு மாறிப்போனதில்
முயல் தேவைப்படவில்லை.
பைன் மரத்தடியில் அதுபாட்டுக்குக் கொறித்துக்கொண்டிருந்தது.
பதினெட்டு டாலர் வந்து சேர்ந்தது,
கூடவே ஒரு வரி: அறுபத்துமூன்றும் செய்வாயா?

அதற்கு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்.
திங்களன்று உள்ளே போனபோது
சைபர் இருக்கவேண்டிய இடத்தில்
இரண்டு இருந்தது.
ஞாயிற்றுக்கிழமை வந்திருக்கிறான் எஸ்பென்.
புதுப் பலத்தையெல்லாம் திரட்டி
இரட்டைக் கோடரியால்
முயலை வெட்டியிருக்கிறான்.

சிரித்தாள். பிறகு வகுத்தாள்.
அவன் உதவாவிட்டால் பதினைந்தாயிரம் பன்றி.
உதவியதால்,
பதினைந்தாயிரம்.

மூன்றாவது பைன்.
பாறையில் முதுகைச் சாய்த்து
உறுமலுக்குக் காது கொடுத்தாள்.
விசிறிக்கும்.