மின்தடை நாள்

பொதட்டூர்பேட்டைக்கு மாதம் ஒரு முறை
என்கிறது படிவம்.
நான் இரண்டு முறை போகிறேன்.
இரண்டாவதை எழுத அதில் கட்டம் இல்லை.

முதல் முறை ஊசிக்கு.
பங்கஜவல்லியை ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றி
துணை சுகாதார நிலையம் வரை.
திரும்பும்போது வலிக்காத பக்கமாய்ச் சரிந்து உட்காருவாள்,
ஒவ்வொரு வேகத்தடைக்கும்
என்னையும் என் வண்டியையும் திட்டிக்கொண்டு.

மற்றது, பராமரிப்புப் பணி என்று
மின்வாரியம் அறிவிக்கும் நாளில்.
காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை.

நாலு தறி ஓடும் கொட்டகை.
நாடா அடிக்கிற அடியில்
பக்கத்தில் நிற்பவர் கூப்பிட்டாலும் காதில் விழாது.
ஐம்பது வயதுக்குள் பாதி ஊர் செவிடு.
அவளுக்கு அந்தச் சத்தம் வேண்டும்.
மாத்திரை பாதியை அடக்கும்,
மீதிப் பேர் தறி ஓடுகிறவரை வாய் திறப்பதில்லை.
டாக்டரிடம் சொன்னேன்.
சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

அண்ணன் சேஷகிரி கெட்டவன் என்று சொல்ல மாட்டேன்.
கழிவு நூலைக் கயிறாகத் திரித்து
இரண்டு வருஷம் தங்கையைத்
தறியின் இரும்புக் காலோடு கட்டிவைத்திருந்தான்.
"நகரி தண்டவாளம் கூப்பிடுதுன்னு ஓடுறா மேடம்,
நான் தறியப் பாப்பனா, இவளப் பாப்பனா?"
முதல் தடவை போனபோது
அவிழ்க்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
டீ குடித்தேன். நூல் விலை விசாரித்தேன்.
ஆறாம் தடவை அவனே அவிழ்த்தான்.
பயிற்சி வகுப்புகளில் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.
நடுவில் போன ஐந்து தடவை
இப்போதும் ராத்திரியில் எழுப்புகிறது.

இப்போது அறுந்த இழை பிணைக்கிறாள்.
சனிக்கிழமை கூலி அவள் கையிலேயே வருகிறது.
அதற்கு மட்டும் ஒரு வருஷம் பிடித்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு வாரியம்,
இங்கே கரண்ட் போனாலும் அங்கே தறி ஓடும்.
கெட்டிக்காரத்தனமாய் ஒருமுறை நகரிக்குக் கூட்டிப்போனேன்.
கால்மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டாள்.
"இது வேற தாளம். இதுக்குள்ள பூந்து பேசுறாங்க."
பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கொரு போண்டா தின்று திரும்பினோம்.

ஆகவே, மின்தடை நாளில் சும்மா போய் உட்காருகிறேன்.
ஒன்பது மணி.
ஒரு தறி இழுத்து நிற்கும், அடுத்தது, அடுத்த தெரு.
குழாய் சொட்டுவது கேட்கும்.
எங்கோ ஒரு குழந்தை அழுவது,
அதுவரை அழுதுகொண்டிருந்ததுதான்.
பிறகு அவள் தலை
இடப்பக்கம் லேசாய்ச் சாயும்.

போன மாதம் சொன்னாள்:
"தெலுங்குக்காரி வந்துட்டா. உன்னக் கேக்குறா."
"என்னன்னு?"
"இவளுக்கு யாரு சம்பளம் தர்றாங்கன்னு."
"மூணு மாசமா யாரும் தரலன்னு சொல்லு."

நின்றிருந்த தறியைப் பார்த்து
தெலுங்கில் சொன்னாள்.
கேட்டாள்.
தோள் குலுங்கச் சிரித்தாள்,
ஊசி தொடங்கியதிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு.
எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"என்ன சொன்னா?"
"அது எனக்குச் சொன்னது."

நாலே முக்காலுக்கே கரண்ட் வந்துவிட்டது.
போய்வா என்றுகூடச் சொல்லவில்லை.
மூன்றாவது தறியில் இழை அறுந்திருந்தது,
எழுந்து போனாள்.