நொடிக்கு அறுபது

சாட்ஸ்வொர்த், மூன்றாம் யூனிட்.
மைதானத்துக்குப் பின்னால் லீக் அலுவலகம்:
ஒரு மேசை, பூட்டுக் கெட்ட அலமாரி,
யாரோ கழித்துவிட்டுத் தந்த குட்டி மடிக்கணினி.
அட்டவணை போடும், கடிதம் அடிக்கும்.
வீடியோ என்றால் நொண்டும்.

ஞாயிறு, எண்பத்தெட்டாம் நிமிடம்.
வெஸ்ட்கிளிஃப் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டு
நேர் கீழே விழுந்து
வெளியே துள்ளியது.
மார்கன் நாய்க்கர் விசிலை வாயில் வைத்தபடி
என்னைப் பார்த்தார்.
(அப்பா முருகன் என்றுதான் சொன்னாராம்.
பதிவேட்டில் எழுதியவனுக்கு அன்று காது அடைப்பு.)
கோட்டோரம் கொடியோடு நின்ற நான்
இல்லை என்று தலையாட்டினேன்.

திங்கட்கிழமை லவேனியா ஒரு பென் டிரைவை
மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.
அடித்தவனின் தங்கை. புதுப் போன்.
ஆயிரத்தெண்பது வரி, நொடிக்கு அறுபது படம்.
'செயலாளர் அக்கா, நீங்களே பாருங்கள்.'
செயலாளரும் நான், கொடி பிடித்தவளும் நான்.
எங்கள் லீக்கில் ஆள் பஞ்சம்.

பார்த்தேன்.
சத்தம் முன்னே ஓடியது, படம் பின்னே இழுபட்டது.
கூட்டம் கோல் என்று கத்தும்போது
பந்து இன்னும் அவன் காலடியில்.
பிறகு உறைந்தது.
பிறகு ஒரே தாவல்: கம்பம்,
அடுத்து கீப்பரின் கை.
நடுவில் பந்து எங்கே விழுந்தது?
கணினிக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.
இருவரும் ஒரே கட்சி.

பிரௌசரை மூடினேன். வைரஸ் காவலனை உறங்க வைத்தேன்.
ஜன்னல்களின் நிழல், பளபளப்பு எல்லாம் அணைத்தேன்.
பதினோரு படம் பதினாலு ஆனது.
எட்டு மணிக்கு லோட் ஷெடிங்.
பேட்டரியில் முப்பத்தைந்து நிமிடம்,
அதுவும் அது சொல்லும் கணக்கு.

அறுபதை முப்பதாகச் சுருக்கினால் ஓடும்
என்று தம்பி பிரனேசன் போனில் சொன்னான்.
ஓடும்தான்.
எந்த முப்பதைத் தூக்கி எறிவது?

வேறு பிளேயர் போட்டேன். அமைப்புகளில் ஆழத்தில்
காலியாக ஒரு சின்னக் கட்டம்.
படத்தைப் பிரிக்கும் வேலையை
கிராபிக்ஸ் சில்லிடம் கொடு என்று அர்த்தம்.
இத்தனை வருடமாக அந்தச் சில்லு
உள்ளே கைகட்டி உட்கார்ந்திருக்கிறது.
வேலை தெரியும்.
யாரும் கேட்டதில்லை.
மூச்சிரைக்க மூச்சிரைக்க
பிராசஸர் ஒற்றையாளாகச் சுமந்திருக்கிறது.

டிக் அடித்தேன்.

இருட்டறையில் அந்த ஞாயிறு
எண்ணெய் வழிவதுபோல் நகர்ந்தது.
புல் நுனி தெரிந்தது. வலை நடுங்கியது தெரிந்தது.
பந்து கம்பத்தில் பட்டு, சுழன்று, இறங்கி
இடது தூணுக்குப் பின்னால் மறைந்து
வெளியே வந்தது.
தூண்.
அறுபது படத்திலும் தூண்.

அப்போதுதான் திரையின் வலது ஓரம் கண்ணில் பட்டது.
மஞ்சள் சட்டை, கையில் கொடி, நான்.
என் முகம் கோலைப் பார்க்கவில்லை.
கோட்டுக்கு வெளியே ஒரு பழுப்பு நாய்,
வாயில் யாருடைய ஷின் கார்டோ.
அதைப் பார்த்து நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.
ஒவ்வொரு படமாகத் தள்ளி எண்ணினேன்:
நாற்பத்தொன்று.
முக்கால் நொடிகூட இல்லை.

பேட்டரி செத்தது.

செவ்வாய் ஏழு மணி. கரண்ட் இருந்தது.
அந்த டிக்கை எடுத்துவிட்டால் மறுபடி நொண்டும்.
பழைய மிஷின், என்ன செய்ய என்று உதடு பிதுக்கலாம்.
மவுஸ் அம்பைக் கட்டத்தின்மேல் கொஞ்ச நேரம் நிறுத்தினேன்.
வெளியே வண்டிக் கதவு சாத்தும் சத்தம்.
கையை எடுத்துக்கொண்டேன்.

ஐந்து பேர் பார்த்தார்கள். விசிறி அலறியது.
இரண்டு தரம் ஓட்டினேன், ஒரு தடங்கல் இல்லை.
யாரும் தூணைப் பற்றிப் பேசவில்லை.
மார்கன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
'யாருடைய நாய் அது?' என்றார்.